கன்னத்துக்குச் சொந்தக்காரர்கள்

ஐந்து லாரி டிரைவர்களின் மனைவிமாரையும் ஒரு கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய், காலைத் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், ஒரு முழு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை இயேசுவின் மலைப்பிரசங்கத்தின் முன்னால் மண்டியிட வைத்தவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்திதான். சக்கரவர்த்திகளால் முடியவில்லை. போப்பாண்டவர்களால் முடியவில்லை. என்னால் முடிந்தது. அன்றைக்கு எனக்கு மூட்டுவலி வேறு.

இதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் சபையில் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு, "அப்புறம் என்னாச்சுக்கா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவும் மாட்டார், நாற்காலியை இழுக்கவும் மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபடி, "அப்படி எதுவும் நடக்கலைங்க" என்பார். வெளியுறவு அமைச்சகத்தில் எனக்கு மேலே இயக்குநராக இருந்தவர். எடை போட்டுப் பார்க்காமல் எச்சில்கூட விழுங்க மாட்டார் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. அலுவலகத்தில் எனக்கு அவர் சார், சபையில் அண்ணன். என்னோடு வாதம் செய்து ஜெயித்தால் என்னை மேடம் என்பார். தோற்றால் தங்கச்சி.

போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூடத்தில் ஒரு விவாதம் வைத்தார்கள். ஒரு நாடு மற்ற நாடுகளோடு பழகுவதற்கு இயேசுவின் நெறி வழிகாட்டுமா என்பது தலைப்பு. முக்கியப் பேச்சாளர் தராசு. மனிதர் அருமையாகப் பேசினார். அரை மணி நேரத்துக்குள் ஆண்டவரை மிகுந்த மரியாதையோடு அமைச்சகத்தின் வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

"என்னை ஒருத்தன் அடிச்சா நான் மறு கன்னத்தைக் காட்டலாம். ஏன்னா அது என் கன்னம். அரசாங்கம் காட்டினா அது யார் கன்னம்? உங்க கன்னம்! அடுத்தவன் கன்னத்தை எடுத்து நீட்டறதுக்குப் பேரு அன்பு இல்லைங்க, ஏமாளித்தனம். பக்கத்து நாட்டோட லாரிப் பிரச்சினை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அது தீர்ந்தது ஜெபத்தால இல்ல. ரகசியப் பேச்சுவார்த்தையால."

கூடமே தலையாட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து எழுந்தேன்.

"அண்ணே, இனிமே பொய் சொல்றதா இருந்தா அந்த மைக்கை அணைச்சிட்டுச் சொல்லுங்க. பின்னாடி சிலுவை மாட்டியிருக்கு."

பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னேன். அங்கே சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன், கொஞ்சம் உப்பு கூட்டி. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம்.

என் பிரிவுக்கு அரசாங்கம் வைத்த பெயர் பரஸ்பர நடவடிக்கைப் பிரிவு. நாங்கள் சொல்வது சரிக்குச் சரிப் பிரிவு. அதனால் எனக்குப் பட்டப்பெயர் சரியம்மா. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்டுக்கு அமைச்சகத்துக்குள் எதிர்வீடு என்று பெயர். எதிர்வீடு நமக்கு எதைச் செய்கிறதோ, அதையே, அதே அளவில், கூடாமலும் குறையாமலும் திருப்பிச் செய்வதுதான் எங்கள் வேலை. அவர்கள் நம் தூதரை வெயிலில் நிற்க வைத்தால், அதே சூடு வரும் நாள் வரை பொறுத்திருந்து அவர்கள் தூதரை நிற்க வைப்போம். ஒரு விழாவில் அவர்கள் தூதர் நமது தேசிய கீதத்தின் நடுவே தும்மிவிட்டார். அடுத்த மாதம் அவர்கள் விழாவுக்குப் போன நம் தூதரின் கைக்குட்டைக்குள் மிளகுப்பொடி வைத்து அனுப்பியவள் நான்தான். அவர் இரண்டு தும்மல் தும்மிவிட்டார். அந்தக் கூடுதல் தும்மலுக்கு எதிர்வீட்டிலிருந்து கண்டனம் வந்தது.

ஒரு பனிக்காலத்தில், எல்லைப் பாலத்தில் மூடுபனி இறங்கி, வெங்காயம் ஏற்றிப்போன நம்முடைய ஐந்து லாரிகள் கோடு தெரியாமல் அந்தப் பக்கம் போய்விட்டன. எதிர்வீடு லாரிகளையும் டிரைவர்களையும் பிடித்துக்கொண்டது. நாங்களும் அவர்களுடைய ஐந்து பேரைப் பிடித்தாக வேண்டும். ஆனால் தராசு ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க மூடுபனியிலதான் பிடிச்சாங்க. நாம வெயில்ல பிடிச்சா அளவு கூடிடும்" என்றார். மூடுபனிக்காகக் காத்திருந்தோம். வானிலை நிலையத்துக்குத் தினமும் போன் போட்டார். கடைசியில் ஒரு காலையில் பனி விழுந்தது. பிடித்தோம். அவர்கள் ஏற்றி வந்தது சிமெண்ட். நம் வெங்காயம் அங்கே அழுகிக்கொண்டிருக்க, அவர்கள் சிமெண்ட் இங்கே அழுக மாட்டேன் என்கிறதே என்று அவர் பட்ட துயரத்தை எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு இரண்டு மழைக்காலம் போனது. அவர்கள் முதலில் விட்டால் நாங்கள் விடுவோம். நாங்கள் முதலில் விட்டால் அவர்கள் விடுவார்கள். முதலில் யார்? இரண்டு பக்கமும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஐந்து டிரைவர்களின் மனைவிமாரும் அமைச்சகத்தின் பார்வையாளர் அறைக்கு வருவார்கள். கால் ஒன்று குட்டையாகி ஆடும் பெஞ்சு, தண்ணீர் வராத குழாய், வெளிநாட்டு விருந்தாளிகள் சிரிக்கும் புகைப்படங்கள், இவ்வளவுதான் அந்த அறை. "இன்னும் தகவல் இல்லைம்மா" என்று சொல்வது என் வேலை. அவர்களில் ஒருத்தி, கணவன் பிடிபட்டபோது கர்ப்பமாக இருந்தாள். பிள்ளை பிறந்து, அதையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். கைக்குழந்தைக்காரி என்றுதான் காவல்காரர் உட்பட எல்லோரும் அவளைச் சொன்னோம். ஒரு திங்கட்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

"தகவல் இல்ல, அதானேக்கா? எம் புள்ள முதல்ல பேசக் கத்துக்கப் போற வார்த்தையே 'தகவல் இல்ல'ங்கறதாத்தான் இருக்கும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக மாடிக்குப் போய் தராசின் அறைக்குள் நுழைந்தேன்.

"சார், அந்த அஞ்சு பேரையும் விட்டுடுவோம். எதையும் கேக்காம."

"என்ன மேடம், காலையிலேயே பிரசங்கமா?"

"நீங்க நேத்து பாடகர் குழுவுல நின்னு பாடினதுதான் சார். எதிரிக்கு நல்லது செய்னு. நல்லா பாடினீங்க."

அப்போதுதான் அந்தக் கன்னக் கணக்கை முதன்முதலாக எடுத்தார். கூடத்தில் சொன்ன அதே வாக்கியம், அதே நீட்டிய விரல். "அடுத்தவன் கன்னத்தைக் காட்ட உங்களுக்கு என்ன உரிமை?"

நான் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எப்போதுமே இருந்ததில்லை. இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன், அது நல்ல கேள்வி. நான் காற்றாடி கிடைத்த பிள்ளை மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். கன்னம் யாருடையது என்று தெரியாவிட்டால்தானே சிக்கல்? சொந்தக்காரர்கள் ஐந்து பேரும் ஆடும் பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஐந்து பேரையும் குழந்தையோடு மாடிக்குக் கூட்டிவந்து அவர் மேசைக்கு முன்னால் நிறுத்தினேன். "கன்னங்கள் வந்திருக்கு சார். நீங்களே கேளுங்க."

தராசு எழுந்து நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். "அவங்க ஆளுங்களை நாம விட்டுட்டா, அவங்க நம்ம ஆளுங்களை விடுவாங்கன்னு எந்த உறுதியும் கிடையாது. அப்புறம் நீங்க என்கிட்ட வந்து அழுதா என் கையில ஒண்ணும் இருக்காது."

"இப்ப உங்க கையில என்ன சார் இருக்கு?" என்றாள் கைக்குழந்தைக்காரி.

"அவங்க அஞ்சு பேர் இருக்காங்களேம்மா."

"அந்த அஞ்சு பேரை வச்சுக்கிட்டு ரெண்டு மழைக்காலமா என்ன சார் பண்ணினீங்க?"

தராசு கண்ணாடியைக் கழற்றினார். அவள் விடவில்லை. "அவங்க வீட்டுலயும் ஒருத்தி புள்ளைய வச்சுக்கிட்டு பெஞ்சியில உக்காந்திருப்பா. விட்டுருங்க சார். எம் பங்கு கன்னம் இந்தாங்க."

இன்னும் மூன்று பேர் அப்படியே சொன்னார்கள். நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். அப்போது ஐந்தாமவள் வாயைத் திறந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. அவளை டீச்சர் என்போம்.

"நான் ஒத்துக்க மாட்டேன்."

அவள் தராசின் மேசைக்கு இன்னும் ஒரு அடி முன்னே வந்தாள்.

"நான் இந்தம்மா போற கோயிலுக்குப் போறவ இல்ல. கன்னத்தைக் காட்டறது, எதிரிக்கு நல்லது பண்றது, அதெல்லாம் உங்க நம்பிக்கை. என் பொண்ணு நோட்டு அட்டையில அப்பா பேரை எழுதறப்பல்லாம் அழறா. எனக்கு இருக்கிறது இந்த ஒரே பிடி. அதை விடச் சொல்லாதீங்க."

"கேட்டீங்களா மேடம்?" என்றார் தராசு, மெதுவாக.

என் வாழ்க்கையில் நான் பேச்சில்லாமல் நின்றது இரண்டு முறை. ஒன்று என் கல்யாண மேடையில், இன்னொன்று அங்கே. அவள் சொன்னது நியாயம். என் நம்பிக்கைக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

"சரி சார். டீச்சர் கன்னத்தை நாம தொடக் கூடாது" என்றேன். "நாலு பேர் குடுத்திருக்காங்க. நாலு பேரை விடுங்க. அஞ்சாவது ஆள் டீச்சருக்காக இருக்கட்டும்."

 அவர் வைத்த வாதத்தின்படியே, அவர் வைத்த எடையின்படியே கேட்டிருந்தேன். அமைச்சரிடம் ஓடவும் வழியில்லை. பிடித்து வைத்ததே இயக்குநரின் பதில் நடவடிக்கை. விடுவதும் இயக்குநரின் கையெழுத்துதான்.

"அவங்க விடலைன்னா நீங்க நாளைக்கே வேலையில்லாம வீட்டுல உக்காந்திருப்பீங்க மேடம்."

"அது என் வீட்டுக்காரருக்குத்தான் சார் தண்டனை. பகல் முழுக்க என் பேச்சைக் கேக்கணும்."

கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்தது.

நான்கு பேரையும் குளிக்க வைத்து, ஆளுக்கொரு கம்பளி கொடுத்து, லாரியில் டீசல் நிரப்பிப் பாலத்துக்குக் கூட்டிப்போனோம். அவர்களில் வயதான டிரைவர் ஏற மறுத்துவிட்டார்.

"பதிலுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாங்க. போங்க."

"ஒண்ணும் வேண்டாமா? அப்ப இதுல ஏதோ பெரிய வில்லங்கம் இருக்கு. நான் ஜெயிலுக்கே போறேன்."

நானும் இரண்டு காவலர்களும் சேர்ந்து அவரைத் தூக்கி லாரியில் உட்கார வைத்தோம். மனிதனைக் கைது செய்வதைவிட விடுதலை செய்வது கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு எதிர்வீடு வாயே திறக்கவில்லை.

அந்த வாரங்களைப் பற்றி மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை.  மாடிப்படியில் தராசு எதிரே வந்தால் இருவரும் சுவரைப் பார்த்தோம். திங்கட்கிழமைகளில் கைக்குழந்தைக்காரி வந்தாள். எதுவும் கேட்கவில்லை. பிள்ளை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தது. நான் அவளிடமிருந்து வாங்கியது என்னவென்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தெரிந்தது. என் கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தப் பக்கம் நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. எதிர்வீட்டிலும் ஒரு சரிக்குச் சரிப் பிரிவு உண்டு. அதிலும் ஒரு சரியம்மா உண்டு. நாம் உதைத்தால் உதைக்க அவர்களுக்கு விதி இருந்தது. நாம் கொடுத்தால் என்ன செய்வது? யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் மேல் கூட்டம் போட்டார்கள். ஒருவர் மயக்கம் போட்டு விழுந்ததாகக்கூடக் கேள்வி. கடைசியில், என்ன வருகிறதோ அதையே அதே அளவில் திருப்பு என்றுதானே விதி, அதில் அடி என்று எங்கே இருக்கிறது என்று அந்தச் சரியம்மா மேசையில் குத்தினாளாம். அவள் எந்தக் கோயிலுக்குப் போகிறவளோ, எங்குமே போகாதவளோ, நான் அறியேன்.

ஒரு காலையில் பாலத்தில் நான்கு லாரிகள் வந்தன. குளித்த தலை, ஆளுக்கொரு கம்பளி, டேங்க் நிறைய டீசல். ஐந்து பெண்களும் தடுப்புக் கம்பத்தருகே நின்றார்கள். முதல் லாரியிலிருந்து இறங்கியவர் டீச்சரின் கணவர்.

நான்காவது லாரியிலும் கைக்குழந்தைக்காரியின் கணவன் இல்லை.

எதிர்வீடு பிடித்த வரிசைப்படி விட்டிருக்கிறது. முதல் நான்கு பேர். கன்னத்தைக் கொடுக்க மாட்டேன் என்றவளுக்கு ஆள் வந்துவிட்டது. முதலில் கொடுத்தவளுக்கு வரவில்லை. நான் அவள் பக்கம் போகாமல் நான்காவது லாரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே வந்தாள்.

"நாலு குடுத்தோம், நாலு வந்துருச்சுல்ல. ஏன்க்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள். சொல்லிவிட்டு பிள்ளையின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டீச்சர் இதைப் பார்த்தாள். கணவரின் கையைப் பிடித்தபடியே பார்த்தாள்.

மறுநாள் தராசு வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் டீச்சர் நின்றாள். "அந்த அஞ்சாவது ஆளையும் விட்டுருங்க சார். எம் பங்கை எடுத்துக்கோங்க."

"உங்க வீட்டுக்காரர் வந்தாச்சு. இப்ப குடுக்கறது சுலபம்" என்றார் தராசு. குத்தலாகத்தான் சொன்னார்.

"ஆமா சார், எனக்கு சுலபம்தான். அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு சுலபமா இருந்துச்சா?"

தராசு அடங்கவில்லை. இப்போது மிச்சமிருக்கும் கன்னம் கைக்குழந்தைக்காரியுடையது, அவளைக் கேட்காமல் முடியாது என்றார். கேட்டோம். அவள் சிரித்துவிட்டாள். "நான் அன்னைக்கே குடுத்துட்டேனே சார். ஒரே கன்னத்தை எத்தனை தடவை கேப்பீங்க?"

எதிர்வீட்டின் அந்த ஐந்தாவது ஆளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கியிருந்தது. அப்படியே அனுப்ப மனம் வராமல், எங்கள் பல் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பல்லைப் பிடுங்கி, மருந்து கொடுத்து அனுப்பினேன். எதிர்வீடு அந்த வாரமே நம் ஐந்தாவது ஆளை அனுப்பியது. குளித்த தலை, கம்பளி, டீசல் எல்லாம் சரியாக இருந்தது. கைக்குழந்தைக்காரியின் கணவன் பாலத்தில் இறங்கி வாய் நிறையச் சிரித்தான். கடைவாயில் ஒரு பல் இல்லை! நல்ல பல்லாம். அளவு குறையக் கூடாது என்று, மிகுந்த அன்போடு, வலிக்காமல் பிடுங்கியிருக்கிறார்கள்.

"பல்லு போனா போகுது, மூஞ்சி வந்துருச்சே" என்றாள் அவள். பிள்ளை அப்பாவைப் பார்த்து வீறிட்டு அழுதது.

இதுதான் நடந்தது. எப்போதும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. எதிர்வீடு அசையாமலேயே இருந்திருக்கலாம், அந்தப் பிள்ளை அப்பா முகம் காணாமலேயே வளர்ந்திருக்கலாம். ஆனால் நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்கிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறேன்: ஒரு தடவையாவது செய்து பார்த்துவிட்டா சொல்கிறீர்கள்? அடிக்கு அடி கொடுத்து எத்தனை தடவை தோற்றிருக்கிறோம், அதை மட்டும் ஏன் யாரும் கனவு என்று சொல்வதில்லை?

கூடத்தில் நான் இப்படிக் கேட்டுவிட்டு உட்கார்ந்தபோது பாதிப் பேர் சிரித்தார்கள். தராசு மைக்கருகே நின்று கண்ணாடியைத் துடைத்தார். "அம்மா நல்லா கதை சொல்வாங்க. நான்தான் சொன்னேனே, அது ரகசியப் பேச்சுவார்த்தை."

அப்போது நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். எங்கள் சபைக்குப் புதியவள். என் பழைய பிரிவில், என் பழைய நாற்காலியில், இப்போது உட்கார்ந்திருக்கும் அதிகாரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

"சார், எங்ககிட்ட இப்பவும் ஆளுங்க மாட்டிக்கிட்டு இருக்காங்க. நம்ம மீனவங்க ஏழு பேர் அந்தப் பக்கம், அவங்க மீனவங்க ஏழு பேர் இந்தப் பக்கம். எல்லா வழியிலயும் முட்டிப் பாத்துட்டோம். நீங்க அன்னைக்கு ரகசியமா யார்கிட்ட பேசினீங்க, எப்படிப் பேசினீங்கன்னு சொல்லிக் குடுங்க. நாளைக்கே அந்த வழியில பேசறேன்."

 அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு இருமல்கூட இல்லை.

"அதை எழுதிக்காதீங்கம்மா" என்றார் தராசு கடைசியில். மூக்குக்கண்ணாடி கையிலேயே இருந்தது, போட்டுக்கொள்ளவில்லை. "அங்க பேச யாரும் இல்ல. நான் யார்கிட்டயும் பேசவும் இல்ல. பெரிய பதவியில இருந்துக்கிட்டு அஞ்சு பொம்பளைங்க சொன்னதைக் கேட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் பேச்சுவார்த்தைன்னு ஒண்ணைக் கட்டிவிட்டேன். நீங்க அந்த மீனவங்க வீட்டுக்காரங்களைப் போய்க் கேளுங்க. வேண்டாம்னு சொல்றவங்களை வற்புறுத்தாதீங்க."

பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார்.

"தங்கச்சி சொன்னதுதான் நடந்தது."